உயிரினம் ஏதும் காணப்படவில்லை

அக்டோபர் 16

மதியம் இரண்டரைக்குக் கரட்டுப்பட்டி வந்து சேர்ந்தேன். தங்குவதற்குக் குவாரிக்காரர்களே தங்கள் விருந்தினர் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். கட்டில், மின்விசிறி, மேசை. ஜன்னலைத் திறந்தால் கரடு, ஒரு மொட்டைப் பாறைக் குன்று. பாதிக் கரடு என்று சொல்ல வேண்டும். தெற்குப் பக்கத்தைப் பத்து வருடமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதிப் பாதிக்குத்தான் இப்போது அனுமதி கேட்கிறார்கள்.

அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் உயிரினங்கள் பற்றிய பகுதியை எழுதியது நான். மே மாதம் வந்து பார்த்தேன், ஜூன் மாதம் கையெழுத்துப் போட்டேன். மழைக்காலத்திலும் ஒரு முறை பார்த்து எழுதச் சொல்லி அதிகாரிகள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வெறும் சம்பிரதாயம் என்றார் எங்கள் ஆலோசனை நிறுவனத்தை நடத்தும் வாசுதேவன் சார். மூன்று வாரம் இருந்து, படம் எடுத்து, மாற்றமில்லை என்று ஒரு பக்கம் எழுதினால் போதுமாம்.

கதவின் உள்தாழ்ப்பாள் பொருந்தவில்லை. குவாரி மேனேஜர் கோதண்டத்திடம் சொன்னேன். "இங்க யாரு மேடம் வரப்போறா?" என்று சிரித்தார். தினமும் மதியம் ஒரு மணிக்கு வெடி, அதற்கு முன் மூன்று முறை சங்கு ஊதும், அந்த நேரத்தில் மட்டும் கரட்டில் இருக்க வேண்டாம் என்றார்.

நாற்காலியைக் கதவில் சாய்த்து வைத்திருக்கிறேன். காற்றுக்கு ஆடுகிறது, அதற்காகத்தான்.

அக்டோபர் 17

விடியற்காலையிலிருந்து மழை. துவைத்த சுடிதார் காயவில்லை. என் கணவர் அமலுக்கு போன் செய்தேன். மில் மூடி எட்டு மாதமாகிறது, அவருக்கு வேறு வேலை இன்னும் அமையவில்லை. "ரெஜினா, நீ இதை மட்டும் முடிச்சிட்டா உன் வேலைய நிரந்தரம் பண்ணிடுறேன்னு உங்க சார் சொன்னாருல்ல?" என்று கேட்டார். சொன்னார் என்றேன்.

அக்டோபர் 19

கரடு ஏறினேன். உச்சியில் ஏழு பாறைக்குழிகள். பெரியது கட்டில் அகலம், சின்னது அண்டா அளவு. மே மாதத்தில் அடியில் பொருக்குத் தட்டிய மண் மட்டும் இருந்தது. இப்போது முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். ஐந்து குழிகள் உச்சிப் பரப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆறும் ஏழும் வடக்குச் சரிவில், கள்ளிப் புதருக்குப் பின்னால். அங்கே போகவில்லை.

ஆடு மேய்க்கும் ஒச்சம்மாக்கா இருந்தார். மே மாதமே பழக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். பையும் நோட்டுமாக நான் அலைவதைப் பார்த்து டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மூன்றாம் குழியில் கையை அலம்பிக்கொண்டு, அதே தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

வெப்பநிலை 26. தண்ணீர் தெளிவு. வெள்ளைப் புள்ளிகள் ஓடுவதுபோல் இருந்தது. தூசியாக இருக்கலாம். லென்ஸ் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

அக்டோபர் 22

ஏறவில்லை. தலைவலி. மழை இல்லை.

அக்டோபர் 26

இனியும் தள்ளிப்போட முடியாமல் ஏறினேன். ஒச்சம்மாக்கா இரண்டாம் குழியோரம் குந்தியிருந்தார்.

"டீச்சரு, இங்கிட்டு வாங்க. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அள்ளிக் காட்டினார். கையளவு தண்ணீரில் நான்கைந்து நீந்தின. விரல் நகம் அளவு நீளம், கண்ணாடி போன்ற உடல். மல்லாந்து நீந்தின.

"மல்லாப்பூச்சிம்போம். மழ பேஞ்சா வரும், தண்ணி வத்துனா போயிரும். எங்கிட்டுருந்துதேன் வருமோ, யாரு கண்டா?"

தண்ணீரைப் பதமாகக் குழிக்குள் விட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"கோடையில வந்தப்ப இந்த மண்ண டப்பாவுல அள்ளிக்கிட்டுப் போனீகளே, அதுல என்ன இருந்துச்சு?"

ஒன்றுமில்லை என்றேன்.

அக்டோபர் 27

எழுதிவிடுகிறேன். நன்னீர் இறால் இனம். பதினொரு இணைக் கால்கள் வயிற்றில் வரிசையாக அலையடிக்கின்றன. காம்பின் நுனியில் கண்கள். வால் இரண்டாகப் பிரிந்து ஆரஞ்சு நிறம். பெண்ணின் அடிவயிற்றில் முட்டைப்பை. ஆணின் தலையில் கொம்புபோல் ஒன்று, அதன் கிளைகளை லென்ஸில் வைத்து வரைந்து பார்த்தேன். இந்த அமைப்புள்ள வகை இதற்கு முன் இரண்டே குன்றுகளில் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் வெட்டியாயிற்று. ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது.

மீனுள்ள குளத்தில் இது பிழைக்காது. வற்றிப்போகும் குழிதான் வேண்டும். தண்ணீர் நிற்கும் சில வாரங்களுக்குள் பொரிந்து, வளர்ந்து, முட்டையிட்டுச் சாகும். முட்டை காய்ந்த மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். மண்ணையும் பாறையையும் எடுத்துவிட்டால் தீர்ந்தது.

மாலை வாசுதேவன் சாருக்குப் படங்கள் அனுப்பினேன். "ஒன்று முதல் ஐந்து வரை எல்லாக் குழிகளிலும் நிறைய இருக்கின்றன. முந்தைய அறிக்கையைத் திருத்த வேண்டியிருக்கும்" என்று எழுதினேன். மேலதிகாரிக்குத் தெரிவிப்பது என் கடமை. உடனே போன் வந்தது.

"வேற யாருக்கும் அனுப்பலையே? வேணாம். நான் பாத்துக்கறேன்."

மனம் லேசாகிவிட்டது. நன்றாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 28

காலை இட்லி கொண்டுவரும் ஆளுக்குப் பதில் கோதண்டமே தூக்குவாளியோடு வந்தார். மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேல இறால் கெடைக்குதாமே மேடம். கொழம்பு வெக்கலாமா?"

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

"உங்க வீட்டு சார் திண்டுக்கல்ல சும்மாதான இருக்காரு? மாதா கோயில் பின்னாடி, பச்ச கேட்டு வீடு. நம்ம லாரி அந்த வழியாத்தான் தினமும் போவுது. ஏதும் குடுத்தனுப்பணும்னா சொல்லுங்க."

அவர் போன பிறகு தூக்குவாளியைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டேன். நான் படம் எடுப்பதைக் கரட்டில் யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டு கேட்டின் நிறம் எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் விலாசம் அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அக்டோபர் 30

அறையை ஒட்டிய குளியலறையில் குளித்துவிட்டு வந்தபோது, கதவில் சாய்த்திருந்த நாற்காலி நகர்ந்திருந்தது. கேமராவில் இருந்த மெமரி கார்டைக் காணவில்லை. நான்தான் எங்கோ வைத்திருப்பேன். பையை மூன்று முறை கொட்டிப் பார்த்தேன்.

படங்கள் போனிலும் இருக்கின்றன. போனைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 1

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு ஏறினேன். பாதி வழியிலேயே நாற்றம். வயலில் அடிக்கும் பூச்சிமருந்தின் நாற்றம். முதல் குழியில் எண்ணெய்போல் ஏடு படர்ந்திருந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ குவிந்து கிடந்தது. எல்லாம் இறால்கள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதன் விளிம்பில் ஓர் ஆடு கால்களை நீட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று.

"அக்கா!" என்று கத்தினேன். பாறை மறைவிலிருந்து, "இந்தா இருக்கேன்" என்று குரல் வந்தது. சரிந்து உட்கார்ந்திருந்தார். வாயோரம் எச்சில் ஒழுகியது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"வாயி கொப்பளிச்சேன் டீச்சரு. ஒரு மடக்கு உள்ள போயிருச்சு. கசந்துச்சு... என் குட்டிய பாத்தீகளா?"

கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வியர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. நான் கத்திய கத்தலில் கீழே களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். சேலையைத் தூளியாக்கித் தூக்கி இறக்கினோம். ஷேர் ஆட்டோவில் என் மடியில்தான் தலை இருந்தது. மூச்சில் குறட்டைபோல் ஒரு சத்தம். அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று வழியெல்லாம் காதை அவர் வாயருகில் வைத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவி ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் மூன்று நாளாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மருந்து எப்படிக் கலந்தது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஐந்து குழிகளில்தான் ஊற்றியிருக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரை. ஏன் ஐந்தில் மட்டும் என்று தெரியவில்லை.

நவம்பர் 2

வாசுதேவன் சார் பேசினார். "ஆடு வயக்காட்டுல மருந்தடிச்ச செடியத் தின்னிருக்கும். அந்தம்மாவும் கைகழுவாம எதையாவது சாப்பிட்டிருக்கும். நீங்க அதுல தலையிடாதீங்க. கிளம்பி வந்துடுங்க. பதினெட்டாம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டத்துல நம்ம அறிக்கைய நீங்கதான் படிக்கணும். இப்ப போய்ப் பாருங்க, குழியில ஒண்ணும் இருக்காது. எழுதுறதுல பொய்யே இல்ல."

போனை வைத்த பிறகும் கடைசி வாக்கியம் காதில் நின்றது. அது என்னுடைய வாக்கியம். ஜூன் மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

டப்பாவில் ஒன்றுமில்லை என்று ஒச்சம்மாக்காவிடம் சொன்னது பொய். மே மாதம் கொண்டுபோன மண்ணை வீட்டில் ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் பொரிந்திருந்தன. நூற்றுக்கணக்கில். வெளிச்சம் பட்ட பக்கமெல்லாம் வந்து மொய்த்தன. அமல் எழுவதற்குள் பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். பாறைக்குழிகள் வறண்டவை, உயிரினம் ஏதும் காணப்படவில்லை என்று எழுதினேன். குழிகளில் காணப்படவில்லைதானே. பாட்டிலில்தானே காணப்பட்டது.

இதை யாருக்கும் சொன்னதில்லை. இந்த நோட்டுக்கும் இன்றுதான்.

நவம்பர் 4

ஆறாவது, ஏழாவது குழிகளைப் பார்க்காமல் ஊருக்குப் போக மனம் வரவில்லை. மதியம் ஒரு மணி வெடிக்கு முன் இறங்கிவிடலாம் என்று பத்தேகாலுக்கு ஏறினேன். பைக்கில் வந்த இருவர் அடிவாரத்தில் நின்று என்னைப் பார்த்தார்கள். ஒருவன் போனை எடுத்தான்.

கள்ளிப் புதரில் கை கிழிந்தது. ஆறாம் குழியில் தண்ணீர் தெளிவு. குனிந்தேன். இருந்தன. ஏழிலும் இருந்தன. ஆரஞ்சு வால்கள், முட்டைப்பைகள், எல்லாம் அப்படியே. போனில் வீடியோ எடுத்தேன்.

அப்போது சங்கு ஊதியது.

போனில் மணி பார்த்தேன். பத்து ஐம்பத்தைந்து. சோதனைக்காக ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது சங்கு. கைகளை ஆட்டிக் கத்தினேன். பைக் ஆட்கள் கரட்டைப் பார்த்தபடியே பைக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாவது சங்கு முழுதாக ஊதவில்லை.

முதலில் பாறை என் காலடியில் ஒரு முழம் நகர்ந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். குழியோரத்துப் பாறை இடுக்குக்குள் என்னைத் திணித்துக்கொண்டேன். கற்கள் விழுந்தன. சின்னவை சரசரவென்று. பெரியவை தனித்தனியாக, ஒவ்வொன்றும் யோசித்து விழுவதுபோல். தலையளவு கல் ஒன்று ஆறாம் குழிக்குள் விழுந்து, தண்ணீர் என் முகத்தில் அடித்தது. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தூசி அடங்கியபோது நான் சிறுநீர் கழித்திருந்தது தெரிந்தது.

கீழே கோதண்டம் நின்றிருந்தார். "ஐயய்யோ, மேலயா இருந்தீங்க? இன்னைக்கு நேரத்த மாத்திட்டோமே. யாரும் சொல்லலியா?" பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார். மூடி சீல் உடைந்திருந்தது. வாங்கிக்கொண்டேன், குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். துவைத்துப் போட்ட துணிகள் அங்கேயே கிடக்கின்றன.

நவம்பர் 5

திண்டுக்கல். பச்சை கேட்டைப் பூட்டச் சொன்னேன். பகலில் எதற்குப் பூட்டு என்று அமல் கேட்டார். சாவியைக் கையில் கொடுத்தேன். பூட்டினார்.

நவம்பர் 11

அமலிடம் பாட்டில் விஷயத்தையும் வெடியையும் சொன்னேன். "கூட்டத்துக்குப் போகாத. லீவு போடு. வேற யாராவது படிக்கட்டும்" என்றார். அதைத்தான் நானும் விரும்பினேன். ஆனாலும் லீவுக் கடிதத்தில் காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா ஓடவில்லை.

தெருவில் லாரி போனால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நவம்பர் 18

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் அதிகாரி அம்மா, பக்கத்தில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு மேசை. முன்வரிசை முழுக்கக் குவாரி ஆட்கள், கோதண்டம் நடுவில். ஊர்க்காரர்கள் பின்னால். அமலும் வந்து கடைசியில் தூணோரம் நின்றார். வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஒச்சம்மாக்கா மைக் முன் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். "எங்க ஆடு ரெண்டு செத்துச்சு. நானும் செத்துப் பொழச்சு வந்துருக்கேன். குழித்தண்ணியில மருந்து ஊத்துனது யாருன்னு கேட்டுச் சொல்லுங்க அம்மா."

கோதண்டம் எழுந்தார். "கொசுப்புழு மண்டிக் கெடக்குற தண்ணி மேடம் அது. அதப் போயி குடிச்சா?" முன்வரிசை சிரித்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உயிரியல் படிச்சவங்க நீங்கதானே? அந்தக் குழிகள்ல என்ன இருக்கு?"

வாசுதேவன் சார் தட்டச்சு செய்த தாளை என் முன் நகர்த்தினார். எழுந்தேன். முதல் வரியைப் படித்தேன்: "பாறைக்குழிகள் பருவகாலத் தேக்கங்கள்." அடுத்த வரி கண்ணில் தெரிந்தது, வாயில் வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. கோதண்டம் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி, தூணோரம் நின்ற அமலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொசுப்புழு இல்லை" என்றேன். "இறால். இந்தக் கரட்டை விட்டால் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியாத வகை. மே மாதமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் இல்லை என்று எழுதினேன். அந்த அறிக்கை பொய். ஆறாவது, ஏழாவது குழிகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன." போனில் இருந்த வீடியோவை மேடைக்குக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டினேன்.

பின்வரிசையில் ஒரே கூச்சல். முன்வரிசையில் யாரும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பல்கலைக்கழகத்தை வைத்து மறு ஆய்வு, அதுவரை அனுமதி நிறுத்தம், ஏழு குழிகளுக்கும் வருவாய்த்துறைக் காவல் என்று அதிகாரி எழுத வைத்தார். வாசுதேவன் சார் தாள்களை அடுக்கியபடி, "நாளையிலருந்து வர வேணாம்" என்றார்.

வெளியே ஒச்சம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சாமி மாதிரி வந்தீக டீச்சரு."

பிடித்துக்கொள்ள விட்டேன்.

நவம்பர் 21

மூன்று நாளாக அந்தக் கை பிடித்த இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை கரட்டுப்பட்டிக்குப் போனேன். அமலும் வருகிறேன் என்றார். அவரை ஊர் முனையில் டீக்கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஒச்சம்மாக்கா வீட்டுக்கு நடந்தேன். ஆட்டுக்கு வேப்பிலைக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

போனைத் திறந்து, அக்டோபர் 27ஆம் தேதி வாசுதேவன் சாருக்கு நான் அனுப்பியதைக் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டினேன். ஒன்று முதல் ஐந்து வரை. மறுநாள் காலையில் கோதண்டம் வந்து இறாலைப் பற்றிக் கேட்டதையும் சொன்னேன்.

புரிய அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு கையிலிருந்த குழையைக் கீழே வைத்தார்.

"அப்ப, எந்தக் குழியின்னு அவய்ங்களுக்கு எண்ணிக் குடுத்தது நீங்கதேன்."

"ஆமா அக்கா. சார் போயி கோதண்டத்துக்கிட்டச் சொல்லுவாருன்னு தெரியாது."

"மறுநா காலையில வந்து கேட்டான்ல? அப்பத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த, அந்தத் தண்ணியக் குடிக்காதக்கான்னு..."

முடிக்கவில்லை. நான்கு நாள் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"அன்னைக்கு மைக்குல இதச் சொல்லல நீங்க."

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இல்லயாக்கும்? விடிஞ்சா அந்தக் கரட்டுலதேன் தனியா நிக்கணும்." கொண்டையை அள்ளி முடிந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எந்திரிங்க. டேசனுக்குப் போவம்."

டீக்கடையில் இருந்த அமலிடம் விஷயத்தைச் சொல்லி வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவர் போகவில்லை, எங்களோடு ஆட்டோவில் ஏறி, ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் இல்லை. எழுத்தர்தான் இருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். மே மாத மண், பாட்டில், அறிக்கை, போனில் அனுப்பிய செய்தி, காணாமல்போன கார்டு, நேரம் தவறிய சங்கு. பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"ஏம்மா, இதுல உங்களச் சாட்சின்னு போடவா, குத்தம் செஞ்ச எதிரின்னு போடவா?"

"நடந்ததை எழுதுங்க சார். அப்புறம் உங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் போடுங்க."

அப்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆமாண்ணே. இங்கதான் உக்காந்திருக்காங்க."

எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. வாசல் ஆறடியில் திறந்துதான் கிடந்தது. அமலின் முதுகு தெரிந்தது. ஒச்சம்மாக்காவும் கேட்டிருந்தார். பெஞ்சில் என்னிடமிருந்து ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். கிட்டே வரவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழுத்தரைப் பார்த்து, சந்தைக் கூட்டத்திலும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எழுதுங்க சார். நாங்க எங்கிட்டும் போகல."

மீதியையும் சொன்னேன். எழுத்தர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், ஒச்சம்மாக்கா பெருவிரலை வைத்தார். மனு ரசீது கைக்கு வந்தபோது மணி நாலே கால்.